பக்கத்து வீட்டில் சத்தம் கேட்கும்போது நாம் என்ன செய்வது?

நீங்கள் கேட்டது இரண்டு கேள்விகள். ஒரே குடியிருப்பில் இருக்கும் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து குடும்ப வன்முறையைத் தடுக்க ஏதாவது செய்ய முடியுமா என்பது ஒன்று. மற்றதைக் கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதியிருந்தீர்கள்: மேல்மாடியில் ஒரு பெண் அடிவாங்கும் சத்தம் கேட்டுக் கதவைத் தட்டினோம், மறுநாள் அவரே வந்து "எங்க வீட்டு விஷயத்துல தலையிடாதீங்க" என்று சொல்லிவிட்டார், வேண்டாம் என்பவருக்கு எப்படி உதவுவது? எனக்கு இந்தக் கடைசி வரிதான் பெரிய கேள்வியாகத் தெரிகிறது. அதைப் புரிந்துகொண்டால் முதல் கேள்விக்குப் பாதி விடை வந்துவிடும்.

தொடங்கும் முன் ஒன்று. இந்தப் பதிலில் அடிப்பவனை 'அவன்' என்றும் அடிபடுபவரை 'அவர்' என்றும் எழுதுகிறேன். தெரிந்தேதான்.

மேல்மாடிப் பெண் உங்களை விலக்கியது கணக்குப் போட்டுத்தான். நீங்கள் கதவைத் தட்டிவிட்டு உங்கள் வீட்டுக்குப் போய்விட்டீர்கள். அவர் அதே கதவுக்குள் அவனோடு இருந்தார். "யார்கிட்ட போய் என்ன சொன்ன?" என்ற கேள்வி அன்றிரவு எத்தனை முறை கேட்கப்பட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். உங்களால் அடுத்த அடியைத் தடுக்க முடியுமா என்பது அவருக்குத் தெரியாது. அவனால் அடிக்க முடியும் என்பது நன்றாகத் தெரியும். இந்த நிலையில் யாராக இருந்தாலும் உங்களைத்தான் விலக்குவார்கள்.

அவன் விரும்புவதும் அதுதான். குடும்ப வன்முறை என்றால் நம் மனதில் முதலில் வருவது ஓங்கிய கை. இந்த வேலையில் நாள்பட இருப்பவர்களைக் கேட்டால், கை ஓங்குவதற்கு வெகுநாள் முன்பே தொடங்கிவிடும் வேறொரு வேலையைச் சொல்வார்கள்: ஆளைத் தனியாக்குவது. தோழியைப் பற்றிக் குறை சொல்வது, அம்மாவோடு பேசினால் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வது, சம்பளத்தை வாங்கி வைத்துக்கொள்வது, போனின் கடவுச்சொல் கேட்பது, "நீ போனால் குழந்தையைப் பார்க்க முடியாது" என்பது. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் டுலூத் என்ற ஊரில், அடிபட்ட பெண்களின் குழுக்களில் அவர்களே சொன்னதை வைத்து 1984இல் ஒரு சக்கரப் படம் வரைந்தார்கள். இன்றும் உலகம் முழுவதும் பயிற்சிகளில் அதைத்தான் காட்டுகிறார்கள். அதில் அடி உதை சக்கரத்தின் வெளி வட்டம் மட்டுமே. உள்ளே ஆரங்களாக இருப்பவை மிரட்டல், பணத்தைப் பிடித்து வைத்தல், குழந்தைகளைக் காட்டிப் பயமுறுத்தல், தனிமைப்படுத்தல், "நான் எங்க அடிச்சேன், லேசாத் தள்ளினேன்" என்று சிறிதாக்கல். எப்போதாவது ஒருமுறை விழும் அடி, மற்ற நாட்களில் இந்த ஆரங்கள் உடையாமல் பார்த்துக்கொள்கிறது. ஒரு எலும்பும் முறியாமல் ஒருவரைச் சிறைக்கைதி போல வைத்திருக்க முடியும் என்பதைச் சட்டங்களும் மெல்லப் புரிந்துகொள்கின்றன. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2015இல் இப்படித் தொடர்ந்து கட்டுப்படுத்துவதையே தனிக்குற்றமாக்கினார்கள். ஐந்தாண்டு வரை சிறை.

ஆக, அவன் செய்கிற வேலை தனியாக்குவது என்றால், அக்கம்பக்கத்தார் செய்ய வேண்டியது அந்தத் தனிமையில் ஓட்டை போடுவது. மீட்பு, புரட்சி எல்லாம் அப்புறம்.

இதில் நம் மொழியும் அவன் பக்கம் நின்றிருக்கிறது என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "அடிக்கிற கைதான் அணைக்கும்." "வீட்டுக்கு வீடு வாசப்படி." "கல்லானாலும் கணவன்." ஒவ்வொன்றும் அடிபட்டவரைப் பேசாமல் உள்ளே போகச் சொல்லும் வாசகம். கை ஓங்கினால் அது வீட்டு விஷயம் இல்லை என்று சொல்ல ஒரு பழமொழி எனக்கு நினைவுக்கு வரவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள்.

அடுத்து, எல்லோரும் கேட்கும் கேள்வி: "இவ்வளவு அடி வாங்கிட்டு ஏன் அங்கேயே இருக்காங்க?" பணம், குழந்தை, இருக்க இடம், அவமானம், இன்னும் மிச்சமிருக்கும் பாசம், எல்லாம் காரணம். அதைவிட முக்கியமான ஒன்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரிவதில்லை. பிரியப் போகும் நாட்களும் பிரிந்த முதல் சில மாதங்களும்தான் உயிருக்கு மிக ஆபத்தானவை. பிடி நழுவுகிறது என்று தெரியும்போதுதான் அவன் எந்த எல்லைக்கும் போவான். 2023இல் உலகெங்கும் கணவன், காதலன் அல்லது குடும்பத்தாரால் கொல்லப்பட்ட பெண்களும் சிறுமிகளும் ஏறத்தாழ 51,100 பேர் என்று ஐ.நா. அமைப்புகள் கணக்கிட்டன. நாளொன்றுக்கு 140 பேர். எனவே "இன்னைக்கே பெட்டியைக் கட்டிக்கிட்டுக் கிளம்பு" என்று நல்ல மனதோடு சொல்வதுகூட ஆபத்தில் முடியலாம். எப்போது கிளம்புவது என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும். அவனுடைய கோபத்தின் வானிலையை அவரைவிட நன்றாக அறிந்தவர் யாருமில்லை.

ஆபத்து எவ்வளவு என்று மதிப்பிட அமெரிக்கச் செவிலியரும் ஆய்வாளருமான ஜாக்குலின் கேம்பெல் 1985இல் ஒரு கேள்விப் பட்டியலை உருவாக்கினார். அதன் சாரம் உங்கள் குழுவில் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். வீட்டில் துப்பாக்கி உண்டா? கொன்றுவிடுவேன் என்று சொல்லியிருக்கிறானா? தற்கொலை செய்துகொள்வேன் என்கிறானா? கர்ப்பமாக இருந்தபோது அடித்தானா? அடி சமீபத்தில் அதிகமாகியிருக்கிறதா? எல்லாவற்றையும் விட, கழுத்தை நெரித்திருக்கிறானா? ஒருமுறை கழுத்தை நெரித்தவன் பின்னால் அதே பெண்ணைக் கொலை செய்யும் வாய்ப்பு சுமார் ஏழு மடங்கு அதிகம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. கழுத்தில் தடயமே இல்லாமல் போகலாம். குரல் கம்முவது, விழுங்கச் சிரமப்படுவது, கண்ணில் ரத்தப் புள்ளிகள் ஆகியவைதான் அடையாளம். "கழுத்தைப் பிடிச்சான், அவ்வளவுதான்" என்று அவர் சாதாரணமாகச் சொன்னாலும் நீங்கள் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அன்றே மருத்துவரிடம் போக வேண்டிய விஷயம் அது.

சரி, சத்தம் கேட்கிறது. அந்த நிமிடம் என்ன செய்வது? இந்தியாவில் 2008இல் பிரேக்த்ரூ என்ற அமைப்பு 'பெல் பஜாவ்' என்று ஒரு பிரசாரம் நடத்தியது. மணியை அடி என்று பொருள். விளம்பரத்தில் ஓர் ஆண் பக்கத்து வீட்டு மணியை அடித்து ஏதோ ஓர் அற்பக் காரணம் சொல்வான், அவ்வளவுதான். அந்த அற்பக் காரணத்தில்தான் சூட்சுமம். அடியைக் கலைக்க வேண்டும். அதே நேரம் 'இவள்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறாள்' என்று அவன் நினைக்க இடம் கொடுக்கக் கூடாது. "உங்க வீட்டுல கரண்ட் இருக்கா?", "தண்ணி வருதா?", "இந்தப் பார்சல் உங்களுக்கா?" போதும். தனியாகப் போகாதீர்கள். வாசலில் நின்று நியாயம் கேட்காதீர்கள். பதிலுக்கு அவரைத்தான் அடிப்பான். ஆயுதம் தெரிந்தால், குழந்தை அலறினால், அலறல் திடீரென்று நின்றுபோனால், மணியெல்லாம் வேண்டாம், நேராகக் காவல்துறையை அழையுங்கள்.

நான் செய்த ஒரு தவறைச் சொல்கிறேன். தொடக்கக் காலத்தில், காலையில் அழுதுகொண்டே பேசிய ஒரு பெண்ணுக்கு மாலையில் "இப்ப எப்படி இருக்கீங்க, பத்திரமா?" என்று செய்தி அனுப்பினேன். அக்கறைதான். போன் அப்போது அவன் கையில் இருந்தது. அதற்குப் பிறகு அந்தப் பெண்ணின் குரலை நான் ஐந்து மாதம் கேட்கவில்லை. அன்றிலிருந்து முதல் கேள்வியாக இதைத்தான் கேட்கிறேன்: "உங்களை எப்போ, எப்படித் தொடர்புகொண்டா உங்களுக்குச் சிக்கல் வராது?" அவர் சொல்லும் வழியைத் தவிர வேறு வழியில் அழைப்பதில்லை. இன்று இது இன்னும் கூர்மையான பிரச்சினை. பகிர்ந்த லொகேஷன், ஒரே மின்னஞ்சல் கணக்கு, போனில் ரகசியமாகப் போட்டு வைத்த உளவுச் செயலி, எல்லாம் உண்டு. சந்தேகம் வந்ததும் அந்தச் செயலியை நீக்கச் சொல்லாதீர்கள். நீக்கியது அவனுக்குத் தெரிந்துவிடும். உதவி தேடுவதற்கு வேறொருவர் போனைக் கொடுங்கள்.

அவர் வாய் திறந்தால் என்ன பேசுவது? மிகக் குறைவாக. "நீங்க சொல்றதை நம்புறேன்." "இது உங்க தப்பு இல்ல." "இப்ப உங்களுக்கு என்ன வேணும்?" இந்த மூன்றைத் தாண்டி நீங்கள் பேசும் ஒவ்வொரு வாக்கியமும் அநேகமாக உங்கள் பதற்றத்தைத் தணிக்கத்தான். அவனைத் திட்டுவதும் வேண்டாம். நாளை சேர்ந்துவிட்டால் அவனைத் திட்டிய உங்களிடம் திரும்பி வர அவருக்கே கூச்சமாக இருக்கும். பலர் பிரிந்து, திரும்பிப் போய், மறுபடி பிரிந்து, அதன் பிறகே முழுவதுமாக வெளியே வருகிறார்கள். மூன்றாவது முறை வரும்போதும் முதல் முறை போலவே கதவைத் திறக்க முடியுமா என்பதுதான் ஒரு குழுவுக்கு உண்மையான சோதனை. நல்ல குழுக்கள் பல இதில்தான் தோற்கின்றன. "நாங்க இவ்வளவு செஞ்சும் திரும்பப் போயிட்டாங்களே" என்று சலித்துக்கொள்ளும் இடத்தில், அவன் தொடங்கி வைத்த தனிமைப்படுத்தலை நாமே முடித்துக் கொடுக்கிறோம்.

பெரியவர்கள் உட்கார்ந்து பேசிச் சமாதானம் செய்து அனுப்பும் வழக்கத்தைப் பற்றி எனக்குக் கடுமையான கருத்து உண்டு. இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்து "ரெண்டு பேரும் கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் போங்க" என்பது, சமமான இருவருக்கு இடையே சண்டை என்றால் சரி. இங்கே ஒருவர் பயத்தில் இருக்கிறார். அவன் முன்னால் உண்மையைச் சொன்னால் வீட்டுக்குப் போனதும் அதற்குரிய விலையைக் கொடுக்க வேண்டும். பெண்களுக்கு எதிரான வன்முறை பற்றிய 2011ஆம் ஆண்டின் இஸ்தான்புல் உடன்படிக்கை, இத்தகைய வழக்குகளில் கட்டாய சமரசப் பேச்சைத் தடை செய்யும்படி நாடுகளைக் கேட்டுக்கொண்டது இதனால்தான். உங்கள் குழுவில் சமாதானத் தூதர் வேடம் போட ஆசைப்படும் ஒருவர் கட்டாயம் இருப்பார். அவருக்கு வேறு வேலை கொடுங்கள்.

குழுவாக என்ன செய்வது என்ற உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். போஸ்டர், கூட்டம், உறுதிமொழி ஆகியவற்றோடு தொடங்காதீர்கள். கூட்டம் முடிந்த மறுநாள் யாராவது உதவி கேட்டு வந்தால் உங்களிடம் என்ன இருக்கிறது என்பதிலிருந்து தொடங்குங்கள். உங்கள் பகுதியின் உதவி எண்ணை நீங்களே அழைத்துப் பாருங்கள். நள்ளிரவில் யார் எடுக்கிறார்கள், என்ன மொழியில் பேசுகிறார்கள்? காப்பகத்தில் இடம் கிடைக்க என்ன நடைமுறை, வளர்ந்த மகனோடு வருபவரைச் சேர்ப்பார்களா, மாற்றுத்திறனாளி தங்க வசதி உண்டா? (மகன்கள் விஷயம் பலருக்குத் தோன்றுவதே இல்லை. பதின்ம வயது மகனைச் சேர்க்காத காப்பகங்களால் மகனை விட்டுவிட்டு வர முடியாமல் வீட்டிலேயே தங்கிவிடும் தாய்மார்கள் உண்டு.) பாதுகாப்பு உத்தரவு வாங்க எந்த நீதிமன்றம், இலவசச் சட்ட உதவி எங்கே, இவையெல்லாம் ஒரு தாளில் இருக்க வேண்டும். பிறகு இரண்டு மூன்று பேரை மட்டும் முதலில் பேசுபவர்களாக வையுங்கள். பன்னிரண்டு பேருக்குத் தெரிந்த ரகசியம் பதின்மூன்றாவதாக அவனுக்குத் தெரிந்துவிடும். குழுவின் வாட்ஸ்அப்பில் ஒருபோதும் ஒருவர் பெயரோ கதையோ வரக் கூடாது.

கிளம்புவதற்கு முன்பான தயாரிப்பில் அக்கம்பக்கத்தார் செய்யக்கூடியது ஏராளம். அடையாள ஆவணங்களின் நகல், குழந்தைகளின் பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம், மாற்றுச் சாவி, மருந்து, கொஞ்சம் ரொக்கம், ஒரு செட் உடை ஆகியவை கொண்ட ஒரு பையை உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளலாம். ஒரு சங்கேதச் சொல்லை முடிவு செய்யலாம். அந்தச் சொல் செய்தியில் வந்தால் காவல்துறையை அழைப்பதென்று முன்கூட்டியே பேசி வைத்திருக்க வேண்டும். 2020 ஊரடங்கில் ஸ்பெயினின் கேனரி தீவுகளில் மருந்துக் கடையில் போய் 'மாஸ்க் 19' என்று கேட்டால் கடைக்காரர் உதவிக்கு ஆள் அழைக்கும் ஏற்பாடு வந்தது. அதே ஆண்டு கனடிய மகளிர் அறக்கட்டளை ஒரு கைச்சைகையைப் பரப்பியது: உள்ளங்கையைக் காட்டி, கட்டைவிரலை உள்ளே மடக்கி, மற்ற விரல்களால் அதை மூடுவது. அமெரிக்காவின் இலினாய் மாநிலம் 2017 முதல் அழகு நிலையப் பணியாளர்களுக்குக் குடும்ப வன்முறை பற்றிய ஒரு மணிநேரப் பயிற்சியைக் கட்டாயமாக்கியது. தலையில் இருக்கும் காயத்தை முதலில் பார்ப்பவர் முடி வெட்டுபவர்தானே. அவன் கூடவே வராத இடங்கள் எவை என்று யோசிக்கத் தொடங்கினால் உங்கள் பகுதியிலும் இப்படி நாலு இடம் தட்டுப்படும்.

வெளியே வந்த பிறகு? இங்கேதான் கூட்டம் கலைந்துவிடும். முதல் வாரம் எல்லோரும் இருப்பார்கள். ஏழாவது மாதம், வழக்கு நான்காவது முறை ஒத்திவைக்கப்படும் நாளில், நீதிமன்ற வராந்தாவில் அவர் தனியாக உட்கார்ந்திருப்பார். எதிர் பெஞ்சில் அவன் சொந்தக்காரர்கள் ஆறு பேரோடு. அன்று பக்கத்தில் போய் உட்கார ஒரு ஆள் தேவை. சட்டம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அதே போல வாடகை முன்பணம், குழந்தையின் பள்ளி மாற்றம், வேலை. வேலை போய்விட்டால் திரும்பிப் போவதைத் தவிர வழியில்லை என்பதால் சில நாடுகள் இதற்கென்றே சம்பளத்தோடு விடுப்பு தருகின்றன. பிலிப்பைன்ஸில் 2004இலேயே பத்து நாள் என்று சட்டம் வந்தது. நியூசிலாந்தில் 2019 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. இதெல்லாம் பெரிய அமைப்புகளால்தான் முடியும் என்று தயங்க வேண்டாம். லண்டனில் சிஸ்விக் பகுதியில் 1971இல் திறந்த ஒரு சின்ன வீடு, முதலில் பெண்கள் கூடிப் பேசும் இடமாகத்தான் இருந்தது. அடிபட்ட பெண்கள் குழந்தைகளோடு வந்து தங்கத் தொடங்கியதும் அது காப்பகமானது. இன்று உலகெங்கும் இருக்கும் காப்பகங்கள் பலவற்றுக்கு அது முன்னோடி.

ஒரு கட்டத்துக்கு மேல் அக்கம்பக்கம் மட்டும் போதாது. போலீஸ், மருத்துவமனை, நீதிமன்றம், குழந்தை நலத்துறை ஒவ்வொன்றிடமும் கதையின் ஒரு துண்டு இருக்கும். முழுக் கதை யாரிடமும் இருக்காது. டுலூத்தில் 1980களின் தொடக்கத்தில் இந்தத் துறைகளை ஒரே விதியின் கீழ் இயங்க வைத்தார்கள். பிரிட்டனின் கார்டிஃப் நகரில் 2003இல் இன்னொரு ஏற்பாடு தொடங்கி நாடு முழுவதும் பரவியது: உயிராபத்து அதிகமுள்ளவர்களைப் பற்றி எல்லாத் துறைகளும் ஒரே மேசையில் கூடிப் பேசும் கூட்டம். அடிபட்டவர் அதில் உட்காருவதில்லை, அவருக்காகப் பேச ஒரு தனி ஆலோசகர் இருப்பார். உங்கள் குழு கேட்டுப் பெற வேண்டியதும் இப்படி ஒரு மேசையைத்தான்.

தடுப்பைப் பற்றி நம்பிக்கை தரும் இரண்டு அனுபவங்கள் உண்டு. உகாண்டாவின் கம்பாலாவில் 'ஸாஸா!' என்ற திட்டம். ஸ்வாஹிலி மொழியில் 'இப்போதே' என்று பொருள். அங்கே அந்தந்தப் பகுதியின் சாதாரண ஆண்களும் பெண்களும் பயிற்சி பெற்று, கடைவாசலிலும் முற்றத்திலும் பேசினார்கள். எடுத்த எடுப்பில் வன்முறையைப் பற்றிப் பேசவில்லை, பெண்ணுரிமை பற்றியும் பேசவில்லை. அதிகாரம் பற்றிக் கேட்டார்கள்: யாரிடம் நீங்கள் அதிகாரம் இல்லாமல் நின்றீர்கள், அப்போது எப்படி இருந்தது? இந்தக் கேள்விக்கு எந்த ஆணிடமும் பதில் உண்டு. அதனால் பேச்சு அறுபடவில்லை. சில ஆண்டுகள் கழித்து அளந்தபோது, திட்டம் நடந்த பகுதிகளில் துணையால் உடல்ரீதியான வன்முறைக்கு ஆளான பெண்களின் அளவு மற்றப் பகுதிகளைவிட 52 சதவீதம் குறைவாக இருந்தது. 2014இல் வெளியான ஆய்வு அது. இரண்டாவது, தென்னாப்பிரிக்காவின் லிம்போப்போ மாகாணத்தில் பெண்கள் குழுக்களுக்குச் சிறுகடன் கொடுத்து, கடன் கூட்டத்திலேயே உறவு, வன்முறை, எச்ஐவி பற்றிய பயிற்சியும் நடத்தினார்கள். 2006இல் வெளியான முடிவு: வன்முறை 55 சதவீதம் குறைந்தது. பணம் மட்டும் கையில் வந்தால் சில வீடுகளில் அதுவே புதிய சண்டைக்குக் காரணமாவதும் உண்டு. அங்கே கடனோடு பேச்சும் பக்கத்தில் உட்கார்ந்த பெண்களும் சேர்ந்து வந்தார்கள். இரண்டுமே ஒரு நாள் முகாம்கள் இல்லை, ஆண்டுக்கணக்கில் நடந்தவை.

அவனை என்ன செய்வது என்று ஆண்கள் கேட்பதுண்டு. கோபத்தை அடக்கும் வகுப்புக்கு அனுப்பினால் தீராது, ஏனென்றால் கோபம் பிரச்சினை இல்லை. சட்டை மறைக்கும் இடமாகப் பார்த்து அடிப்பவனுக்கு நிதானம் நன்றாகவே இருக்கிறது. அவன் நண்பர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு: அவன் மனைவியைப் பற்றிக் கேவலமாகப் பேசும்போது சிரிக்காமல் இருப்பது. கேட்டுக்கொண்டிருக்கும் நண்பர்களின் சிரிப்பில்தான் பலர் தங்களுக்கு அனுமதி கிடைத்ததாக நினைக்கிறார்கள். அவர் சொன்னதை வைத்து மட்டும் நேரில் போய்க் கேட்டுவிடாதீர்கள். யார் சொன்னது என்று அவனுக்குத் தெரியும்.

ஆண்களும், முதியோரும், ஒரே பாலின இணைகளில் இருப்பவர்களும் அடிபடுகிறார்கள். அவர்களுக்கு வெளியே சொல்வது இன்னும் கடினம், காப்பகங்களும் குறைவு. மேலே சொன்ன மூன்று வாக்கியங்கள் அவர்களுக்கும் அப்படியே பொருந்தும்.

இனி உங்கள் மேல்மாடிப் பெண். திரும்பிப் போகலாம், ஆனால் அந்த இரவைப் பற்றிப் பேசப் போக வேண்டாம். படியில் பார்த்தால் எப்போதும் போலப் பேசுங்கள். அவன் இல்லாத நேரத்தில், ஒருமுறை மட்டும், "நான் பெரும்பாலும் வீட்லதான் இருப்பேன், எந்த நேரம்னாலும் கதவைத் தட்டலாம்" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுங்கள். அதற்குப் பதில் வர மாதங்கள் ஆகலாம். ஒருநாள் ஒரு பையைக் கொண்டுவந்து, "இது கொஞ்ச நாள் உங்க வீட்டுல இருக்கட்டுமா?" என்று கேட்டால், உள்ளே என்ன என்று கேட்காமல் வாங்கி வையுங்கள்.